முதல் பாட்டு ஆண்டவருக்கு

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

மழை விடவில்லை. துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காய்கிறது. போட்டால் புகை வாசம். செலவுக் கணக்கை அந்த நோட்டில் எழுதி முடித்தாயிற்று. இது என் மனசுக்கு வைத்திருக்கிற நோட்டு. இதில் கூட்டல் கழித்தல் கிடையாது.

பெனிட்டா வந்து இரண்டு வாரம் ஆகிறது. இவருடைய தங்கை, எனக்கு நாத்தனார். மகள் நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போனதிலிருந்து சும்மா கிடந்த மாடி ரூமில் இருக்கிறாள். கிட்டார் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, வயர் ஒரு சாக்கு.

குமுளியில் அவளைத் தெரியாதவர் இல்லை. சின்ன வயதில் கொச்சியில் ஒரு பேண்டில் பாடினாள். என் மாமனார் அதற்காகவே அவளை வீட்டை விட்டுப் போகச் சொன்னார். பேண்டு உடைந்தது, கல்யாணம் உடைந்தது, பாட்டும் நின்றது. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் முன்னால், இனி இவள் அவ்வளவுதான் என்று எல்லாரும் விட்டுவிட்ட பிறகு, ஒரு ஆல்பம் போட்டாள். அது போன போக்கு! தேக்கடிக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பிலெல்லாம் அவள் குரல்தான். இப்போது கம்பெனிக்காரர்கள் அடுத்த ஆல்பத்தைக் கேட்கிறார்கள். அமைதியாக இருந்து செய்யலாமென்று இங்கே வந்திருக்கிறாள்.

ஒரு பாட்டும் வரவில்லை.

"முடிஞ்சு போனவன்னு நெனைச்சப்ப யாரும் என்னைய எதிர்பார்க்கல மதினி. பயமில்லாமப் பாடிட்டேன். இப்ப எல்லாரும் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு கை பீன்ஸ் எடுத்தேன்.

ஆகஸ்ட் 17

மேலே கிட்டாரில் திரும்பத் திரும்ப அதே நாலு சத்தம். பிறகு சத்தமே இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

இன்றும் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. மாடிக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கம்பெனில கேட்டாங்களா?" என்றேன். "தெனமும் கேக்காங்க. மரியாதையாக் கேக்காங்க, அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

கீழே வந்து முழங்காலில் நின்றேன். அழவில்லை, பேசினேன். ஆண்டவரே, அவளுக்கு ஒரு பாட்டு வரட்டும். முதலில் வருகிற பாட்டு உமக்கு. சபையின் அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று பொருத்தனை செய்தேன். கோழி வைத்த முதல் முட்டை, ஏத்தன் வாழையின் முதல் குலை, மகளின் முதல் ஸ்காலர்ஷிப்பில் ஒரு பங்கு, எல்லாம் அப்படித்தான் கொடுத்து வந்திருக்கிறேன். இதுவரை எதற்கும் குறை வந்ததில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

வந்துவிட்டது!

ஆராதனை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து காலில் செருப்பில்லாமல் ஓடி வந்தாள், காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு. அடுப்படியில் நின்றே பாடினாள். தாளத்துக்கு என் பருப்பு டப்பாவைத் தட்டினாள்.

விட்டுப்போன காயெல்லாம்
அடுத்த எடுப்புக்கு நிக்கும்
விட்டுப்போன ஆளு வந்தா
வாசல்ல யாரு நிக்கும்

முதல் தடவை காய் எடுக்கும்போது பிஞ்சை விட்டுவிடுவார்கள், அது அடுத்த எடுப்புக்கு முற்றும். ஏலக்காய்த் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் இதைப் பாட்டாக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? இவர் சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடவில்லை. "ஒருக்காக் கூடப் பாடு" என்றார். ஆல்பத்துக்கே ‘ரெண்டாம் எடுப்பு’ என்று பேர் வைக்கப்போகிறாளாம்.

ஸ்தோத்திரம். ஆனால் ஒரு யோசனை. இதில் ஆண்டவர் பேர் எங்கேயும் இல்லை. கூடவே ஒரே இரைச்சல். இதையா நான் கொடுப்பதாகச் சொன்னேன்?

செப்டம்பர் 2

சொல்லிவிட்டேன். பொருத்தனையை அவளிடம் மறைத்து வைக்க முடியாது.

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மதினி, அது உங்க கோழி முட்டை இல்லியே" என்றாள்.

உண்மைதான். அவள் பாட்டை நான் எப்படி நேர்ந்துகொள்வேன்? வேண்டும்போது அது தோன்றவே இல்லை. வீட்டில் விளைவது எல்லாம் ஒன்றுதான் என்கிற எண்ணம்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். "சரி, பண்டிகையில ஒரு தடவை பாடுதேன். இல்லன்னா அடுத்த பாட்டு வராதோன்னு எனக்கே பயமாருக்கு. உங்க சாமி கணக்குல கெட்டியான ஆளு போல." அவருக்குக் கணக்கு உண்டு, கந்துவட்டி கிடையாது என்றேன். சிரித்தாள்.

செப்டம்பர் 19

மூன்றாவது பாட்டு. சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

அக்டோபர் 9, புதன்

கம்பெனியிலிருந்து ஜிஸ்மி வந்திருந்தாள். கொச்சிப் பெண், மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள், பெனிட்டாவின் காரியம் முழுவதும் இவள் கையில். மாடியில் உட்கார்ந்து எல்லாப் பாட்டும் கேட்டாள். கீழே வரும்போது முகம் ஜொலித்தது. கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வைத்தேன்.

"ஆன்ட்டி, பெனிட்டா சேச்சியோட அந்த வாசல் பாட்டு இருக்கில்லே, அதுதான் ஆத்யம், மொதல்ல வரணும். ஜனுவரில. அந்த ஒண்ணுல தான் ஆல்பம் முழுசும் நிக்குது. அதுவரைக்கும் வெளிய ஒரு ஆள் கேக்கக் கூடாது. காண்ட்ராக்ட்ல எழுதிருக்கு, கேட்டோ."

பெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் மீன் சட்டியைப் பார்த்தேன். பண்டிகையில் பாடப்போவதை அவளிடம் சொல்லாமலே அனுப்பிவிட்டோம்.

அக்டோபர் 10

இவரிடம் சொன்னேன். "வேற பாட்டக் குடுங்க. ஆண்டவரு கோவிக்க மாட்டாரு, கொச்சிக்காரங்க கோவிப்பாங்க" என்கிறார்.

நல்ல குலையை வீட்டில் வைத்துக்கொண்டு நோஞ்சான் குலையைக் கொண்டுபோவதா? அதற்குக் கொடுக்காமலே இருக்கலாம்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவிடம் கேட்டேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க வேண்டினது உங்களோடது. பாட்டு அந்தப் பிள்ளையோடது. அவ வேண்டாம்னு சொன்னா ஒங்களுக்குக் குத்தமில்ல. நான் ஜெபிச்சு விடுதலை குடுக்கேன்" என்றார். மனசு லேசானது. வீட்டுக்கு வந்து பெனிட்டாவிடம் அப்படியே சொன்னேன், நீ பாடவேண்டியதில்லை என்று.

அவள் கிட்டாரின் ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "இல்ல மதினி, பாடணும். ரூமுக்குள்ள பாடி அது நிக்குதா விழுதான்னு தெரியல. ஜிஸ்மி நல்லாருக்குன்னு சொல்லத்தான் செய்வா. காசு போட்டிருக்காங்க. நம்ம சனம் முன்னால ஒருக்காப் பாடிப் பாக்கணும். போனை மட்டும் வெளிய வைக்கச் சொல்லுங்க."

அப்படியானால் சரி. போன் வெளியே இருந்தால் பாட்டு கோயிலுக்குள்ளேயே இருக்கும்.

நவம்பர் 24, ஞாயிறு. அறுப்பின் பண்டிகை

வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்.

வாசலில் காய் எடுக்கிற கூடை ஒன்றை வைத்து எல்லாருடைய போனையும் வாங்கிப் போட்டார்கள். பிள்ளைகள் அழாத குறை. மேசை நிறைய காணிக்கை. ஏலக்காய், மிளகு, பூசணி, சேனை, கட்டிப்போட்ட சேவல், கேக்கு. நான் நம் குலையை வைத்தேன். அப்புறம் யோசித்தேன், பாட்டைக் காணிக்கை என்றால் கண்ணுக்கு ஒன்று வேண்டாமா? பெனிட்டா எழுதிய அந்தக் காலண்டர் தாளைக் கொண்டுபோயிருந்தேன். அதையும் குலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் பாடினாள். ஒரு கிட்டார் மட்டும். முதலில் பெரியவர்களுக்கு முகம் சுருங்கியது. ‘வாசல்ல யாரு நிக்கும்’ என்று இரண்டாவது தடவை வந்தபோது பின் பெஞ்சுப் பிள்ளைகள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பெரியவர்களும் சேர்ந்தார்கள். பெனிட்டா பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் கண்ணை நான் பார்த்தேன். பாட்டு நிற்கிறது.

பிறகு வழக்கம்போல மைதானத்தில் ஏலம். வருஷாவருஷம் ஏலம் விடுவது இவர்தான். மேசையில் வந்ததெல்லாம் ஏலத்துக்குப் போகவேண்டும், ஒன்றும் மிஞ்சக்கூடாது. குலை போனது, சேவல் போனது. தாளைக் கையில் எடுத்தார். "பெனிட்டா கைப்பட எழுதின பாட்டு! ஒரு தரம்!" ஒரே சிரிப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிற பாண்டீஸ்வரன் கை தூக்கினார். அவர் நம் சபை இல்லை, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். வருஷாவருஷம் சேவலுக்காக வருவார். இந்தத் தடவை சேவலை விட்டுவிட்டுத் தாளுக்கு நின்றார். இன்னும் இரண்டு பேர் ஏற்றிவிட, தாள் சேவலைவிட நல்ல விலைக்குப் போனது.

"சேவலு தின்னாத் தீந்துபோகும் மதினி. இது தீராதுல்ல" என்றார் என்னிடம். பெனிட்டாவைப் பார்த்து, "இனிமே பாட்டு நம்மளது, பாடணும்னா எங்கிட்டக் கேக்கணும்" என்று மிரட்டினார். அவள் கும்பிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

நவம்பர் 28

இவர் டீக்கடைக்குப் போய்விட்டு வந்து சொன்னார். தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறாராம் பாண்டீஸ்வரன். நல்ல மரியாதை.

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று ஆராதனையில் மனசு நிற்கவில்லை.

நம் சபை ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான் டீ குடிக்கிறார்கள். மெட்டு அவர்களுக்குத் தெரியும், வார்த்தை சுவரில் தொங்குகிறது. ஜீப்காரர்களும் சேர்ந்து, கண்ணாடி டம்ளரில் கரண்டியால் தட்டிப் பாடியிருக்கிறார்கள். டூர் வந்த யாரோ அதைப் போனில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். நேற்று ராத்திரிக்குள் எங்கெங்கோ போய்விட்டது. பெனிட்டாவின் புதுப் பாட்டு என்று பேர் வேறு.

கூடை நிறையப் போனை வாங்கி வைத்தோம். தாளை நானே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மேசையில் வைத்தால் ஏலத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். தாள் வெறும் தாளாகத்தான் கண்ணில் பட்டது, பாட்டாகப் படவில்லை.

டிசம்பர் 2

ஜிஸ்மியின் போன். அவள் கத்தியது அடுப்படி வரை கேட்டது. ஆல்பத்தையே கம்பெனி நிறுத்தலாம், காண்ட்ராக்ட் அப்படி. பெனிட்டா முழுவதும் கேட்டாள். வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"பாடினா காத்தோட போயிரும்னுதான் பாடினேன். எழுதினத எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"காணிக்கைன்னா ஏதாவது வைக்கணுமேன்னு…"

"எல்லாமே உங்களுக்குக் கோழி முட்டைதானா மதினி? எனக்கு இன்னொரு தடவை கெடைக்காது. மொத ஆல்பம் அதிர்ஷ்டம்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க. இதுலதான் நான் யாருன்னு தெரியும்னு இருந்தேன்."

இவர் நடுவில் வந்து, "ஏலம் விட்டவன் நான், என்னையத் திட்டு" என்றார். அவள் யாரையும் திட்டவில்லை. மாடிக்குப் போய்விட்டாள்.

நான் என்ன கெட்டதா செஞ்சேன்? அவ நல்லாருக்கணும்னுதானே முழங்கால்ல நின்னேன். கேக்காமச் செஞ்சது தப்பு. ரெண்டு தடவை கேக்காமச் செஞ்சேன் — வேண்டும்போது ஒண்ணு, தாளுக்கு ஒண்ணு. ஆனா மனசுல கள்ளம் இல்லியே ஆண்டவரே.

டிசம்பர் 3

பாண்டீஸ்வரனிடம் போனேன். கூட்டம். சட்டத்தை இறக்கித் தந்துவிடுங்கள், காசைத் தந்துவிடுகிறேன் என்றேன்.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "எடுத்துட்டுப் போங்க, காசெல்லாம் வேண்டாம். ஆனா கோயில் ஏலத்துல எடுத்தத திருப்பிக் கேட்டு இன்னைவரை யாரும் வந்ததில்ல மதினி. நீங்கதான் மொத ஆளு." பிறகு குரலைத் தணித்தார். "சட்டத்த எறக்கிரலாம். அந்தா அந்தப் பயக வாயில இருக்கே, அத எப்பிடி எறக்க?"

உள்ளே யாரோ அதைத்தான் முனகிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தை எடுக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மாடி ரூம் காலி. இவர்தான் பஸ் ஏற்றிவிட்டாராம். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. படுக்கை விரிப்பை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

டிசம்பர் 25

பண்டிகை. வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து முறுக்கு சுட்டிருந்தேன். டப்பாவில் இருக்கிறது.

2025 ஜனவரி 14, செவ்வாய்

ஜிஸ்மி எனக்கே போன் செய்தாள். கோபம் இல்லை, களைத்த குரல். "ஆன்ட்டி, நிங்கள் ஒண்ணு சேச்சிகிட்ட பறையணும்" என்றாள். மெதுவாகக் கேட்டு விளங்கிக்கொண்டேன்.

கம்பெனி ஒரு வழி சொல்லியிருக்கிறது. டீக்கடையில் பாடினது, பிள்ளைகள் பாடினது என்று வெளியே கிடக்கிற எல்லா வீடியோவையும் புகார் கொடுத்து எடுக்கவைத்துவிடலாம். பாண்டீஸ்வரனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், தாளைக் கொடு, இனி கடையில் பாடாதே என்று. அப்புறம் பாட்டை அவர்கள் புதுசாகப் போட்டுக்கொள்வார்கள். பெனிட்டா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"சேச்சி கையெழுத்து இடல. நான் குடுத்தாச்சு, அவரு ஏலத்துல எடுத்தாச்சு, திருப்பி வாங்குற வழக்கம் எங்க ஊர்ல இல்லன்னு சொல்லிட்டாங்க. அதனால கம்பெனி அந்தப் பாட்ட ஆல்பத்துலருந்தே எடுத்துட்டாங்க. அதில்லாம இது ஓடுமான்னு எனக்கு அறியில்ல ஆன்ட்டி. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சொல்லமாட்டேன் என்றேன். அவளைக் கேட்காமல் இரண்டு காரியம் செய்துவிட்டேன், மூன்றாவது வேண்டாம்.

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி வழிந்தது.

ஏப்ரல் 26, சனி

ஆல்பம் வந்துவிட்டது. இவர் போனை மேசையில் வைத்து, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கேட்டோம், பரீட்சை எழுதுகிறவர்கள் மாதிரி. பேர் ‘ரெண்டாம் எடுப்பு’தான். பேருக்குக் காரணமான பாட்டு மட்டும் உள்ளே இல்லை.

எனக்கு மூன்றாவது பாட்டு பிடித்தது. என்னை யார் கேட்கிறார்கள்?

மே 20

ஜீப்பில் புது ஆல்பத்தைப் போடுகிறார்கள், பழையதையும் போடுகிறார்கள். பழையது அதிகம். ‘போன தடவை மாதிரி இல்ல’ என்று மளிகைக் கடையில் ஒரு பையன் சொன்னான். அவன் சாமான் தப்பாக எடுத்து வைத்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதற்கு மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன்.

ஜூன் 14, சனி

மழை தொடங்கிவிட்டது. காலையில் இவருக்குப் போன், பெனிட்டா வருகிறாள், மத்தியான பஸ்.

குடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கினவள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். மழையில் நனைந்தாள். கிட்டார் பையும் நனைந்தது.

"நீங்களா நிக்கீங்க" என்றாள்.

"பின்னே யாரு நிப்பா?" என்றேன்.

உள்ளே கூட்டி வந்தேன். கிட்டார் பையைத் துடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ரொம்பப் பக்கம் வேண்டாம் என்று தள்ளி வைத்தாள்.

ஜூன் 15

கம்பெனி அவளை விடவில்லை, தூக்கி வைக்கவும் இல்லை. இன்னொரு ஆல்பம் செய்யலாம், அவசரமில்லை என்கிறார்களாம். "போன வருசம் அவசரம்னாங்க, பயமா இருந்துது. இப்ப அவசரமில்லங்காங்க. அது வேற பயம்" என்றாள். சொல்லிவிட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு நல்ல சுகம் மட்டும் கேட்டேன்.

ஆகஸ்ட் 3

மேலே சத்தம் கேட்கிறது. நாலு இல்லை, நிறைய. என்ன என்று கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு. அறுப்பின் பண்டிகை

இந்த வருஷம் போன் கூடை வைக்கவில்லை.

போதகர் ஐயா கேட்டுக்கொண்டதால் பெனிட்டா அந்தப் பாட்டைக் கிட்டாரில் வாசித்தாள். வாசிக்கத்தான் செய்தாள், பாடினது சபை முழுவதும். மூன்றாவது அடியில் ஒரு வார்த்தையை எல்லாரும் மாற்றிப் பாடுகிறார்கள், ‘ஆளு’ என்பதைப் ‘புள்ள’ என்று. டீக்கடையில் எப்போது மாறியதோ. பெனிட்டா திருத்தவில்லை. பின் பெஞ்சில் பாண்டீஸ்வரன் உட்கார்ந்து, தன் சொத்தைக் கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஏலத்தில் நம் குலையை அவரே எடுத்தார். சேவலையும் எடுத்தார்.

திரும்பி நடந்து வரும்போது இவர் முன்னால் போய்விட்டார். பெனிட்டா என் குடைக்குள் வந்தாள்.

"மதினி, புதுசா ஒண்ணு வந்திருக்கு. அடுத்ததுக்கு மொதப் பாட்டு. ஏதும் வேண்டிக்கிட்டீங்களா?"

"இல்ல. சத்தியமா இல்ல. அது ஒன்னோட பாட்டு."

"நான் வேண்டிக்கிட்டேன்" என்றாள். "அடுத்த வருசத்துக்கு. ஜிஸ்மிட்ட முன்னாலயே சொல்லி எழுதி வாங்கிட்டேன், மொதப் பாட்டு எங்க சபைக்குன்னு. அவளும் ஏலத்துக்கு வாராளாம்."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். டீக்கடை பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே கல்லாவுக்கு மேலே அந்தச் சட்டம் தெரிந்தது. பக்கத்தில் இன்னும் ஒன்று மாட்டச் சுவரில் இடம் இருக்கிறது. இரண்டு பேரும் பார்த்தோம்.